கடப்பாக்கத்தில் தங்காத மூன்று வாரங்கள்

ஒன்றரை மாதம் கடப்பாக்கத்துக்குப் போக முடியுமா என்று எங்கள் பிரிவின் பொறுப்பாளர் மேடம் கேட்டபோது, நான் ஒரு நோயாளியின் கையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் அந்தப் பிடியை விடக்கூடாது. உடனே பதில் சொல்லாமலிருக்க அது ஒரு சாக்காக இருந்தது.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, சுத்தம் செய்து, உடம்பில் தங்கிய நீரையும் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிற வேலை. கூடுவாஞ்சேரியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீடு ஊரப்பாக்கத்தில். ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடம்.

எங்கள் மருத்துவமனை கடற்கரைப் பக்கம் கடப்பாக்கத்தில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையம் நடத்தியது. நான்கு இயந்திரங்கள், பதினாறு நோயாளிகள், ஒரு நர்ஸ், ஒரு டெக்னீஷியன், கூப்பிட்டால் வந்து பார்க்கிற உள்ளூர் டாக்டர் ஒருவர். அந்த டெக்னீஷியன் பெண்ணுக்குப் பிரசவ நேரம். புதிதாக வரவேண்டியவர் ஒன்றரை மாதம் கழித்துத்தான் சேர்வார்.

"நீங்க போகலைன்னா அந்தப் பதினாறு பேரும் வாரத்துக்கு மூணு தடவை பாண்டிக்கோ செங்கல்பட்டுக்கோ அலையணும்," என்றார் மேடம். "தங்க ரூம் இருக்கு. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு என் வீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. எட்டு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வகை, மாத்திரைக்குக் கட்டுப்படாதது. தினம் நான்கு இன்சுலின் ஊசி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்று, படுக்கும்போது ஒன்று. மூன்று வருடமாக, ஒருநாள் தவிர, நான்கையும் நான்தான் போட்டேன். மதிய ஊசிக்காகத் தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். அலுவலக அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் நின்றபடி அவள் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள். போட்டுவிட்டு அவள் முதல் வாய் சாப்பிடுவதைப் பார்த்த பிறகே கிளம்புவேன்.

என் கணவர் மறைமலை நகரில் வாகன உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் ஊசி விஷயத்தில் அவரை நான் கிட்டே விடுவதில்லை. அவளுக்கு நோய் வந்த முதல் வருடம், நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அவர் ஊசி போட்டார். போட்டு முடித்ததும் யாரோ போனில் கூப்பிட, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். ஊசி போட்டதும் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்; முக்கால் மணி நேரம் சாப்பாடு தராமல் விட்டிருக்கிறார். நான் வந்தபோது பிள்ளை வியர்வையில் நனைந்து, சுவரைப் பார்த்து என்னவோ உளறிக்கொண்டிருந்தாள். வாயில் சர்க்கரையைத் தேய்த்து எழுப்பினோம். அவர் அன்றைக்கு அழுதார். நான் அவரைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊசிப் பேனா இருந்த டப்பாவை அவர் கைக்குப் போகவிடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் ஒருமுறை சொன்னார்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னேன். அவர் சப்பாத்தியைப் பிய்த்தபடி யோசித்தார்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "நீ அங்கயே தங்கினா, நான் ஜெனரல் ஷிஃப்ட்லயே இருக்கேன். காலையிலயும் ராத்திரியும் ஊசி நான் பாத்துக்கறேன். மத்தியானம் மட்டும் ஸ்கூல்ல பாப்பா தானே போட்டுக்கணும். இல்ல, நீ தினம் போய் வரேன்னா, நான் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கறேன், மத்தியானத்துக்கு மேல போனா போதும். காலையிலயும் மத்தியானமும் நான். ராத்திரி ரெண்டும் நீ."

"பதினோரு வயசுப் பொண்ணு தானே எப்படிங்க போட்டுக்குவா?"

"டாக்டர் போன வருஷமே கத்துக்குடுக்கச் சொன்னாரு."

"முடியாதுன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன். அதுவும் ஒரு வழிதான?"

"சொல்லு. ஆனா உனக்குப் போகணும்னு இருக்கு. மூஞ்சியில தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. பதினோரு வருடத்தில் ஒரு மையத்தை முழுசாக என் பொறுப்பில் விட யாரும் முன்வந்ததில்லை. அது ஒரு ஆசை. இன்னொன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒருநாள்கூட நான் முழுசாகத் தூங்கியதில்லை. ராத்திரி எழுந்து அவள் நெற்றியில் கை வைத்து வியர்வை இருக்கிறதா என்று பார்ப்பேன். ரூம் இருக்கிறது என்று மேடம் சொன்னதுமே என் மனதில் முதலில் வந்தது ஒரு கட்டில். பிறகுதான் மகளின் நினைவு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் இடத்தைப் பார்க்கப் போனோம். மகளைக் கீழ் வீட்டில் விட்டோம். கீழ் வீட்டு அக்காதான் எங்கள் வீட்டு ஓனர். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் என்று போய் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். கடப்பாக்கம் வரும்போது பதினொரு மணி. உப்புக் காற்றும் மீன் வாடையும் கலந்து வந்தன. மையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. பின்னாலேயே அந்த ரூம். ஜன்னலைத் திறந்தால் கழிமுகத் தண்ணீரும், அதில் கட்டிப்போட்ட இரண்டு ஃபைபர் படகுகளும் தெரிந்தன. வெள்ளை உறை போட்ட மெத்தை. நான் சும்மா அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் வாட்ச்மேனிடம் தண்ணீர் வசதி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் கண் செருகியது. ஒரு நொடி, என் வீட்டில் யாரும் இல்லை, எனக்கு யாரும் இல்லை என்பது போல இருந்தது. அது எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது. தூக்கிப்போட்டாற்போல எழுந்துவிட்டேன்.

"நான் தினம் போய் வந்துடறேங்க," என்றேன்.

அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பும்போது கல்பாக்கத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்.

"ரெண்டு ஊசிக்காக தினம் ஆறு மணி நேரம் ரோட்டுல இருக்கப் போற."

"பிள்ளைக்காக."

"பிள்ளை பேரைச் சொல்லாத. என்மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லு. நான் ஒத்துக்கறேன்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்படித்தான் அந்தப் பயணம் ஆரம்பித்தது. விடியுமுன் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு. அங்கிருந்து மதுராந்தகத்துக்கு ஒரு பஸ். மதுராந்தகத்தில் இன்னொரு பஸ் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கம். எல்லாம் ஒத்துவந்தால் மூன்று மணி நேரம். போனதும் இயந்திரங்களைக் கழுவித் தயார் செய்து, எட்டரைக்கு முதல் நான்கு பேரைப் படுக்கவைப்பேன். ஒரு மணிக்கு அவர்கள் இறங்க, அடுத்த நான்கு பேர். ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு வரும்போது ஒன்பது ஆகும்.

முதல் வாரம் ஒரு வீறாப்பில் ஓடியது. ரயிலில் என்னோடு மீன் கூடைக்காரர்களும், ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். எல்லோரும் தூங்குவார்கள். நான் தூங்க மாட்டேன். செங்கல்பட்டைத் தவறவிட்டு விழுப்புரம் வரை போய்விடுவேனோ என்று பயம். அந்த வண்டி செங்கல்பட்டோடு நின்றுவிடும் என்பது தெரிந்தும் பயம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் உறைத்தது. ராத்திரி ஊசியை நான்தான் போடவேண்டும் என்று வந்தேனே, நான் வரும்வரை பிள்ளை சாப்பிடாமல் காத்திருந்தாள். எட்டு மணிக்குச் சாப்பிடுகிற பிள்ளை ஒன்பது, ஒன்பதேகால் வரை. ஒருநாள் செய்யூர் பக்கம் பஸ் பழுதாகி நின்று, நான் வீடு சேர பத்தாகிவிட்டது. பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொள்வது கீழ் வீட்டு அக்காதான்; அவர் வீட்டு சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எழுபத்தொன்று. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆபத்து.

"நான் பிஸ்கட் குடுத்தேன், வேணாம்னுட்டா," என்றார் கீழ் வீட்டு அக்கா. "அம்மா வந்து ஊசி போட்டாத்தான் சாப்பிடணுமாம்."

அக்காவையும் மகளையும் கோபித்துக்கொண்டேன். என்னைத் தவிர எல்லோர்மேலும் கோபம் வந்தது.

கணவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் தூக்கத்தில். நான் கிளம்பும்போது அவர் தூக்கத்தில். சமையலறையில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். காலையும் மதியமும் சர்க்கரை எவ்வளவு, எத்தனை யூனிட் என்று அவர் எழுதிவைப்பார். நான் அதை வாத்தியார் மாதிரி திருத்துவேன். 'ஏன் ஏழு? ஆறு போதும்' என்று பக்கத்தில் எழுதினேன். மறுநாள் அவர் பதில் எழுதவில்லை, எண்களை மட்டும் எழுதியிருந்தார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை அது நடந்தது.

அன்று காலை மதுராந்தகத்தில் பஸ் கிளம்பத் தாமதமாகி, அரை மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். நோயாளிகள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஒருவரைப் பார்க்க, நான் மற்ற மூவருக்கும் எடை பார்த்தேன். டயாலிசிஸில் எடைதான் எல்லாம். நீரெல்லாம் போன பிறகு ஒருவர் இருக்கவேண்டிய எடை இது என்று டாக்டர் குறித்திருப்பார். வந்த எடையில் அதைக் கழித்தால், எடுக்கவேண்டிய நீர். அதை இயந்திரத்தில் போட்டால் நான்கு மணி நேரத்தில் அது எடுத்துவிடும்.

மூன்றாவதாக ஏறி நின்றவர் மீன் விற்கும் அம்மா. ஆலம்பரைக் கோட்டைப் பக்கத்துக் குப்பம். ஐம்பது வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் ஓயாமல் பேசுவார். எடை மெஷினில் நின்றபோதே, "இன்னாமா, பாரு, இந்த வாட்டி கம்மியாத்தான் கீது. நாக்கு நனையறதுக்குத்தான் தண்ணி குச்சன்," என்றார்.

எடையைப் பார்த்தேன். சீட்டில் எழுதினேன். கட்டிலுக்கு வந்து கழித்துப் பார்த்தால் நான்கு லிட்டருக்கு மேல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது? குடத்தோட குடிச்சீங்களா?"

"நானா? யம்மா, சத்தியமா இல்ல. நேத்து காலைல அர தம்ளரு. சாயந்தரம் ஒரு டீ. அவ்ளோதான்."

"எடை பொய் சொல்லுமா? நாலு லிட்டர் ஏறியிருக்கு. இப்படிக் குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கும், எத்தனை தடவை சொல்றது?"

"நா இன்னாத்துக்குமா உங்கிட்ட பொய் சொல்லப்போறன்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் இயந்திரத்தில் அந்த அளவைப் போட்டேன். போடும்போதே அந்த எண் எனக்கு இடித்திருக்க வேண்டும். அந்த உடம்புக்கு நான்கு லிட்டர் என்பது டாக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாத அளவு. வேறொரு நாளாக இருந்தால் இன்னொரு முறை எடை பார்த்திருப்பேன். அன்று என் தலைக்குள் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மணி நேரம் நெருங்கும்போது அவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, தொடர்ந்து. பிறகு, "கால் இசுக்குதுமா," என்று மெல்லச் சொன்னார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. நான் கையை வைக்கும்போதே கண் மேலே செருகியது. நெற்றி சில்லென்றிருந்தது. ரத்த அழுத்தம் எழுபதுக்கும் கீழே.

நீர் எடுப்பதை நிறுத்தினேன். தலைப்பக்கம் தாழ்த்தி, கால்பக்கம் உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டேன். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். "அக்கா, அக்கா, என்னைப் பாருங்க," என்று கன்னத்தைத் தட்டினேன். என் குரல் எனக்கே யாரோ கத்துவது போலக் கேட்டது. நான்கைந்து நிமிடம் இருக்கும். பிறகு கண் திறந்தார். முதலில் வாந்தி. அப்புறம், "இன்னாமா ஆச்சு?" என்றார்.

அழுத்தம் மெல்ல ஏறியது. டாக்டர் வந்து பார்த்து, போதும், இன்றைக்கு இறக்கிவிடுங்கள் என்றார். இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடை பார்த்தேன். அங்கேதான் தெரிந்தது. இயந்திரம் எடுத்தது மூன்று லிட்டருக்கும் குறைவு. என் சீட்டின்படி பார்த்தால் எடை நான்கு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அப்படி நடக்க வழியே இல்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. காலையில் எடை மெஷின் காட்டியது ஐம்பத்தாறு புள்ளி எட்டு. எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். எடுக்கவேண்டியது இரண்டேகால் லிட்டர்தான். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டு நாளாகத் தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

டாக்டரிடம் போய், "நான்தான் சார் எடையைத் தப்பா எழுதிட்டேன்," என்றேன்.

அவர் சின்ன வயதுக்காரர். சீட்டைப் பார்த்துவிட்டு, "சரி, ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்க. பிபி இறங்கறது எல்லாருக்கும் ஆகறதுதான்," என்றார். அந்த அம்மாவிடம் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டுவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிபி இறங்கியது என்றால் அவர்கள் நம்பிவிடுவார்கள். அவரைக் கூட்டிப்போக மருமகள் வந்து, பையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். சீட்டைக் காட்டிச் சொன்னேன்.

அந்த அம்மா சீட்டை வாங்கவில்லை. அவருக்கு எண்கள் மட்டும் படிக்கத் தெரியும். தூரத்திலிருந்தே பார்த்தார்.

"நா சொன்னன்ல?"

"சொன்னீங்கக்கா."

"ரெண்டு நாளா தொண்ட காஞ்சிகினு கெடந்தன். நீ இன்னா கேட்ட? கொடத்தோட குச்சியான்னு கேட்ட. அத்தினி பேரு முன்னால."

"தப்புதான்க்கா."

மருமகள் குறுக்கே வந்தாள். "எங்க அத்த பூட்டிருந்தா இன்னா பண்ணிருப்ப? இப்டியே துண்டு சீட்ட காட்டிகினு நின்னிருப்பியா?"

இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். உள்ளே அடுத்த நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய எடையை நர்ஸைப் பக்கத்தில் நிறுத்தி, இருவருமாக மூன்று முறை பார்த்து எழுதினேன்.

மாலை பஸ்ஸில், செய்யூர் தாண்டியதும் கணவருக்குப் போன் செய்தேன். அவருக்கு அது டீ இடைவேளை. நடந்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கள்கிழமையிலிருந்து அங்கயே தங்கிடறேன்," என்றேன். "நீங்க ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாறிடுங்க. மத்தியான ஊசிக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. கீழ் வீட்டு அக்காவைக் கேக்கலாமா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா தானே போட்டுக்கறா," என்றார்.

"எப்போ?"

"நீ போக ஆரம்பிச்ச ரெண்டாவது நாள்லேர்ந்து. நான் ஸ்கூலுக்குப் போவேன், பக்கத்துல நிப்பேன். அளவு சரியான்னு பாப்பேன். அவ்வளவுதான். இப்ப நாலு நாளா வாசல்லயே நின்னுக்கச் சொல்றா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

பஸ் மதுராந்தகம் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று வாரமாக இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த நோட்டில் நான் திருத்திய எண்களெல்லாம் யாருடைய எண்கள்? அப்புறம் அந்த அம்மாவின் சுருங்கிய முகம் நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம், "எனக்கு எல்லாம் தெரியும்," என்றேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ ரொம்ப டயர்டா வர்ற. சொன்னா போய்ட்டு வர்றத நிறுத்திட்டு இங்கயே இருந்துடுவ. இல்லன்னா அழுவ," என்றாள். அன்று ராத்திரி ஊசியை அவளே போட்டுக்கொண்டாள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, என்னைவிட வேகமாக, கணக்காகப் போட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கைக்கு வேறு வேலை இல்லை.

திங்கள்கிழமை ஒரு பையோடு கடப்பாக்கம் போய்விட்டேன். அந்த மெத்தையில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல ஆசைதான். முதல் நான்கு நாள் தூக்கமே இல்லை. மாலையில் வேலை முடிந்ததும் கழிமுகக் கரையில் உட்கார்ந்து வீடியோ காலில் சாப்பாட்டுத் தட்டைக் காட்டச் சொல்வேன். தட்டைக் காட்டிவிட்டு இருவரும் டிவி பார்க்கப் போய்விடுவார்கள். என் முகம் மட்டும் திரையில் இருக்கும்.

நான் தங்கப் போவதற்கு முன், அந்தச் சனிக்கிழமையே மீன்கார அம்மா வந்துவிட்டார். வராமலிருக்க முடியாது; வாரத்துக்கு மூன்று முறை வந்தால்தான் உயிர். ஆனால் என்னோடு பேசவில்லை. எடை மெஷினில் ஏறி, தானே குனிந்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். மருமகள் அதைப் போனில் போட்டோ எடுத்தாள். பிறகுதான் நான் எழுதலாம். எழுதியதையும் காட்டவேண்டும். அவரைப் பார்த்து மற்ற நோயாளிகளும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் பதினாறு பேரும் தங்கள் எடையைத் தாங்களே படித்தார்கள். மருத்துவமனையில் என் ரிப்போர்ட்டைப் படித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தைவிட அந்த போட்டோதான் எனக்கு உறைத்தது.

தங்கிய இரண்டாவது வாரம், ஒரு பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பி.டி. வகுப்பில் ஓடிவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்றாளாம். சர்க்கரை ஐம்பத்தெட்டு. அவளே பையிலிருந்து குளுக்கோஸை எடுத்துத் தின்றுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்திருக்கிறாள். டீச்சர் எனக்குப் போன் செய்யும்போது எல்லாம் முடிந்திருந்தது. "நல்லா இருக்கா மேடம், தகவலுக்குத்தான் சொன்னேன்," என்றார்.

நான்கு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். செய்யூர் பஸ் வந்து நின்றது. கணவருக்குப் போன் செய்தேன்.

"வரணும்னா வா," என்றார். "ஆனா வந்து என்ன பண்ணுவ? அவ உள்ள கேரம் ஆடிட்டு இருக்கா."

"நீங்க பாத்தீங்களா? நல்லா இருக்காளா?"

"இருக்கா."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி நான் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நிம்மதியாக நிற்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயேதான் இருந்தேன்; அதையும் விட்டுவிட்டுத்தான் ரூமுக்குத் திரும்பினேன்.

ஒன்றரை மாதம் முடிந்தது. புதியவர் வந்து சேர்ந்தார். கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மீன்கார அம்மா கட்டிலில் படுத்தபடி, "பூட்டு வா," என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் எனக்கு விடுமுறை. விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. சமையலறையில் இட்லிப் பானையின் மூடி சத்தமும் இருவரும் பேசிக்கொள்வதும் கேட்டன. ஊசிப் பேனாவில் அளவைத் திருகும்போது ஒரு யூனிட்டுக்கு ஒரு கிளிக் வரும். படுத்தபடியே எண்ணினேன். எட்டு வந்தது.

எழுந்து போகக்கூடாது என்று போர்வையைப் பிடித்துக்கொண்டேன். வாயைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

"காலையில ஏழுதான? ஏன் எட்டு?"

"ஒன்பதும்மா," என்றாள் அவள் அங்கிருந்து. "இன்னிக்கு ரெண்டு இட்லி கூட."

சரி என்றேன். இட்லிக்கு ஒரு யூனிட் என்று மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது; ஒரு கிளிக்கை நான்தான் தவறவிட்டிருந்தேன். இருந்தும் அவள் சாப்பிட்டு, சீருடை போட்டு, அப்பாவின் பைக்கில் ஏறும் சத்தம் கேட்கும்வரை கண்ணை மூடவில்லை.